வாட் எத்தனை, வெப்பம் எத்தனை: கேமிங் மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் திறனைச் சோதிப்பது எப்படி?

லோ யாட் பிளாசாவில் நாலாயிரம் ரிங்கிட் எண்ணிக் கொடுத்து வாங்கிய கேமிங் மடிக்கணினியைக் கம்போங் மேடான் ஃபிளாட்டுக்குத் தூக்கி வந்து திறந்தால், யூடியூபில் பார்த்த வேகம் இல்லை. உடனே மனம் கடைக்காரர் மேல் பாய்கிறது. தப்பு அவர் பக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் போதும், காசு எதுவும் செலவில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள், அதாவது வாங்கிய முதல் வாரத்திலேயே, இதைச் செய்துவிட வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ஃபிரேம் எண்ணிக்கை. கேமுக்குக் கேம், காட்சிக்குக் காட்சி, ஏன், ஒரே கேமின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது மாறும். அதை வைத்து ஒரு மெஷின் நன்றாக இருக்கிறதா என்று சொல்வது கடினம். முதலில் பார்க்க வேண்டியது, கிராஃபிக்ஸ் சிப் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்பதை. அந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

பெட்டியில் உள்ள பெயர் போதாது

இரண்டு மடிக்கணினிகளிலும் ‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்று ஒட்டியிருக்கும். ஒன்று மெல்லியது, பைக்குள் அடங்கிவிடும். மற்றது தடித்தது, இரண்டரைக் கிலோ. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் என்று நினைத்துத்தான் பலர் மெல்லியதை எடுக்கிறார்கள். ஆனால் மடிக்கணினிக்கான 4060 சிப்புக்கு என்விடியா வகுத்துள்ள மின் எல்லை 35 வாட்டில் தொடங்கி 115 வாட் வரை நீள்கிறது. அந்த வரம்புக்குள் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மடிக்கணினியைத் தயாரிக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. ‘டைனமிக் பூஸ்ட்’ என்ற ஏற்பாடு, பிராசசருக்குத் தேவைப்படாத மின்சாரத்தைக் கிராஃபிக்ஸ் பக்கம் திருப்பிவிடும். அதையும் சேர்த்துத்தான் சில மாடல்களின் விளம்பரத்தில் 140 வாட் என்று போடுகிறார்கள். 4050, 4070 சிப்புகளுக்கும் இதே கதைதான். ஆகவே 60 வாட்டில் கட்டிவைத்த 4060, முழு வாட்டில் ஓடும் 4050-இடம் தோற்றால் அது பழுது இல்லை. அந்த மெஷின் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

மேசைக் கணினியோடு ஒப்பிடுவதும் வீண். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 5,888 கோர்கள், மடிக்கணினியின் 4070-இல் 4,608. மேலே போகப் போக இடைவெளி இன்னும் பெரிது: 4090 என்ற பெயரில் மேசைக்கு 16,384, மடிக்கு 9,728. பெயர் மட்டும்தான் ஒன்று, சிப்பே வேறு. வாங்குபவரைக் குழப்பும் இந்தப் பெயர் வைப்பு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சந்தை இப்படித்தான் நடக்கிறது, நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

உங்கள் மெஷினின் எல்லையைத் தெரிந்துகொள்ள என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, இடது கீழ் மூலையில் உள்ள ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்பதைச் சொடுக்குங்கள். வரும் பட்டியலில் ‘மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். இனி வரும் சோதனை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல்.

ஓட விடுவதற்கு முன்

முதலில் அடாப்டரைத் திருப்பி அதன் வயிற்றில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள்: 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 20 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 100 வாட்தான். கேமிங் மடிக்கணினிகள் பல, தம்மோடு செருகியிருக்கும் அடாப்டரின் அளவைக் கண்டுகொள்ளும். சின்னதாக இருந்தால் கிராஃபிக்ஸ் சிப்பின் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். திரையில் எச்சரிக்கை வந்தாலும் வரும், வராமலும் போகும். பேட்டரியில் மட்டும் ஓட்டிச் சோதிப்பதும் பயனற்றது. முழு வாட்டைப் பேட்டரியால் தர முடியாது. போதாக்குறைக்கு என்விடியாவின் ‘பேட்டரி பூஸ்ட்’ ஃபிரேமை 30-க்குக் கட்டிப்போட்டுவிடும்.

அடுத்து மோட். லெனோவோ லீஜியனில் எஃப்என் விசையோடு க்யூ, அசூசில் எஃப்என் விசையோடு எஃப்5, மற்றவற்றில் அந்தந்த நிறுவனத்தின் செயலி. ‘பெர்ஃபார்மன்ஸ்’ அல்லது ‘டர்போ’ என்று இருக்க வேண்டும். காற்றாடி இரைச்சல் போடும், போடட்டும். விண்டோஸ் அப்டேட் எல்லாம் முடிந்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள். புது மெஷின் முதல் நாள் முழுக்கப் பின்னணியில் எதையாவது இறக்கிக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருக்கும்.

மூன்றாவது, அறை. நம் வட்டாரத்துக்கு இதுதான் முக்கியம், ஆனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும். ஏர்கோன் இல்லாத ஃபிளாட் அறையில், சுவர் சூடு இறங்காத மாலை ஏழு மணிக்கு 31 டிகிரி இருப்பது சாதாரணம். அறை ஒன்பது டிகிரி கூடுதல் என்றால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். அங்கே 78 டிகிரியில் நிம்மதியாக ஓடியது இங்கே 87-இல் நிற்கும். பல மாடல்களில் அந்த 87-தான் கிராஃபிக்ஸ் சிப் தன்னைத் தானே மட்டுப்படுத்தத் தொடங்கும் புள்ளி. இது உங்கள் மெஷினின் குறையுமில்லை, விமர்சகரின் பொய்யுமில்லை. எனவே இரண்டு முறை சோதியுங்கள்: ஒரு முறை ஏர்கோன் உள்ள இடத்தில், ஒரு முறை நீங்கள் வழக்கமாக விளையாடும் அறையில், விளையாடும் நேரத்தில். முன்னது மெஷினைப் பற்றிச் சொல்லும், பின்னது உங்கள் அறையைப் பற்றிச் சொல்லும்.

சோதனை

இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள் போதும். ஒன்று, ஸ்டீமில் கிடைக்கும் 3டி மார்க் டெமோ. அதில் 2016-இல் வந்த ‘டைம் ஸ்பை’ சோதனை இருக்கிறது. பழையதுதான், ஆனால் ஏராளமானோர் ஓட்டியிருப்பதால் ஒப்பிட எளிது. மற்றது, எச்டபிள்யூஇன்ஃபோ 64. இதில் சென்சார் சாளரத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் சிப்பின் பவர், வெப்பம், கிளாக், லோடு ஆகிய நான்கு வரிகளைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

டைம் ஸ்பையை ஓடவிடுங்கள். முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ‘கிராஃபிக்ஸ் ஸ்கோர்’ என்பதை மட்டும் எடுங்கள். மொத்த மதிப்பெண்ணில் பிராசசரும் கலந்திருக்கிறது. முழு வாட்டில் ஓடும் மடிக்கணினிகளில் 4060 பத்தாயிரத்தைத் தாண்டும். 4050-உம் பழைய 3060-உம் எட்டாயிரத்தை ஒட்டி வரும். 4 ஜிபி உள்ள 3050 ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். இவை தோராயக் கணக்கு. வாட் குறைந்த மாடலில் மதிப்பெண்ணும் குறையும். 3டி மார்க் தன் முடிவுப் பக்கத்தில் உங்களைப் போலவே அதே சிப்பும் பிராசசரும் வைத்திருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு வரைபடம் காட்டும். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தால் கவலையை விடுங்கள். ஓரத்தில் தனியாக நின்றால்தான் ஆராய வேண்டும்.

ஃபர்மார்க் என்ற மென்பொருளைப் பலர் சிபாரிசு செய்வார்கள். சிப்பை வாட்டி வதைக்கத்தான் அது பயன்படும். எந்தக் கேமும் அப்படி ஓடுவதில்லை. வேகத்தை அளக்க அதை நம்ப வேண்டாம்.

எண்களை எப்படிப் படிப்பது

லோடு 97, 98 சதம், வாட் எல்லைக்கு அருகில், வெப்பம் 87-க்குக் கீழே. இப்படி இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப் தன்னால் ஆனதைச் செய்கிறது. ஃபிரேம் போதவில்லையென்றால் கேமின் செட்டிங்கைக் குறைக்க வேண்டியதுதான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 4050, 4060, 4070 சிப்புகள் பல கேம்களில் நூறு வாட்டைத் தாண்டியதும் மேலே ஏறாது. வோல்டேஜ் எல்லையை முன்னதாகவே தொட்டுவிடும். ‘140 வாட் என்று போட்டார்கள், 102-தான் காட்டுகிறது’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளில் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்று ஒரு வரி இருக்கிறது. எது தடுக்கிறது என்பதை அது சொல்லும்: ‘பவர்’ என்றால் மின் எல்லை, ‘தெர்மல்’ என்றால் வெப்பம், ‘விரெல்’ என்றால் வோல்டேஜ். கடைசியில் சொன்னது வந்தால் எல்லாம் நலம்.

லோடு நிறைய, வெப்பம் 87-இல் ஒட்டிக்கொண்டு, வாட் மெல்ல இறங்குகிறது என்றால் குளிரூட்டல் போதவில்லை. லோடு நிறைய, வெப்பம் வெறும் 60, 65, ஆனால் வாட் பாதிதான் என்றால் எங்கோ மின்சாரம் தடுக்கப்படுகிறது. லோடே 50, 60 சதத்தில் கிடக்கிறது என்றால் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போதிய வேலை வந்து சேரவில்லை.

மின்சாரம் தடுக்கப்படுவதுதான் பார்ப்பதற்குப் பெரிய பழுதுபோலத் தெரியும், ஆனால் சரிசெய்ய மிகச் சுலபம். தேசா மெந்தாரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் மெஷினைக் கொண்டுவந்தார். “அண்ணே, ரிவ்யூல தொண்ணூறு ஃபிரேம் காட்றாங்க, எனக்கு நாப்பத்தஞ்சு தாண்ட மாட்டேங்குது. பழைய சிப்ப போட்டு ஏமாத்திட்டாங்களாண்ணே?” சென்சார் சாளரத்தில் பார்த்தால் லோடு 99, வெப்பம் 61, வாட் 40. சிப் சூடாகவே இல்லை. “எந்த சார்ஜர் தம்பி கொண்டாந்தே?” பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: கைக்கடக்கமான யுஎஸ்பி-சி சார்ஜர், 100 வாட். மெஷினோடு வந்த அடாப்டர் செங்கல் கனம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டாராம். அதை எடுத்து வரச் சொல்லிச் செருகியதும் 65 வாட்டுக்கு ஏறியது. அதற்கு மேல் போகவில்லை, ஏனென்றால் லைப்ரரிக்காகப் போட்ட ‘சைலன்ட்’ மோட் அப்படியே இருந்தது. அதை மாற்றியதும் நூறை ஒட்டிப் போனது, ஃபிரேமும் இரண்டு மடங்கானது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

அடாப்டரும் மோடும் சரி, இருந்தும் வாட் ஏறவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகியுங்கள். பழைய டிரைவரை ‘டிடியு’ என்ற மென்பொருளால், சேஃப் மோடில், முழுதாக நீக்கிவிட்டு என்விடியா தளத்திலிருந்து புதியதை ஏற்றுங்கள். நிறுவனத்தின் பயாஸ் அப்டேட்டையும் பாருங்கள். இதற்கும் அசையவில்லையென்றால் சர்வீஸ் சென்டர்தான்.

லோடு குறைவாக இருக்கும் சிக்கலில் பெரும்பாலோர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். முதலில் எளிய காரணங்களைக் கழியுங்கள். வி-சிங்க் போட்டிருந்தால், அல்லது கேமுக்குள் ஃபிரேம் எல்லை வைத்திருந்தால், அது அந்த எண்ணிலேயே நிற்கும். விண்டோஸ், கேமை இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசருக்குள் இருக்கும் சின்னக் கிராஃபிக்சில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 இரண்டில் எது வேலை செய்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதிக்குப் போய், அந்தக் கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றுங்கள்.

இவை இல்லையென்றால் மெமரி. டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’யைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் உங்கள் மெஷின் ஒற்றைச் சேனலில் ஓடுகிறது. விலையைக் குறைத்துக் காட்ட ஒரே ராமைப் போட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. வேலோரன்ட், சிஎஸ்2 போன்ற, பிராசசரை நம்பி ஓடும் கேம்களில் இதன் பாதிப்பு கண்கூடு. சராசரி ஃபிரேமைவிட, திடீர் திடீரென்று தடுக்கி விழுவதில்தான் அதிகம் உறைக்கும். அதே அளவு, அதே வேகம் கொண்ட இன்னொரு ராமைப் போட்டால் தீர்ந்தது. நாலாயிரம் கொடுத்து வாங்கிய மெஷினில், அதற்கடுத்துச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து இல்லை.

‘மக்ஸ் ஸ்விட்ச்’ பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண நிலையில், பெரிய கிராஃபிக்ஸ் சிப் வரையும் ஒவ்வொரு படமும் பிராசசரின் சின்னக் கிராஃபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. பேட்டரி மிச்சமாகும், கொஞ்சம் வேகம் குறையும். மக்ஸ் உள்ள மெஷினில் நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ நேர் இணைப்புக்கு மாற்றலாம். மக்ஸ் இல்லையென்றால் எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையில் ஓட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அந்தத் துளை பெரிய சிப்போடு நேராக இணைந்திருக்கும். அங்கே ஃபிரேம் கூடினால் காரணம் புரிந்துவிடும்.

வெப்பம், தூசி

வெப்பத்தைச் சோதிக்க 3டி மார்க்கின் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ நல்லது. அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் கிடைக்கும். ஒரே காட்சியை 20 சுற்று ஓட்டி, வேகம் 97 சதத்துக்குக் குறையாமல் நிலைத்திருந்தால் தேர்ச்சி தரும். வாங்க மனமில்லையென்றால் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தின் வாட்டையும் முப்பதாவது நிமிடத்தின் வாட்டையும் ஒப்பிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எந்த மெஷினும் அழகாகத்தான் ஓடும்.

வாட் இறங்கினால் மெஷினைப் பழிப்பதற்கு முன் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று புகாது. பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே வெப்பம் சில டிகிரி இறங்கும். பல மடிக்கணினிகளில் பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே செம்புக் குழாய்களில்தான் சூட்டை இறக்குகின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் தவிக்கும். ஆகவே 144 ஹெர்ட்ஸ் திரை என்பதற்காக எல்லாக் கேமையும் 144-இல் ஓட்ட வேண்டியதில்லை. கதை கேம்களுக்கு 75 அல்லது 90-இல் எல்லை வைத்தால் வாட்டும் வெப்பமும் சேர்ந்து இறங்கும், காற்றாடியும் அடங்கும். ஏர்கோன் இல்லாத அறைக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய வீடுகளில் சன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் கறுப்புத் தூசி படிகிறது. காற்றாடி அதைத்தான் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. புகைமூட்டக் காலத்தில் இன்னும் மோசம். ஆண்டுக்கு ஒரு முறையாவது தூசி எடுங்கள். ஊதும்போது காற்றாடி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேரிங் கெடும். உத்தரவாதம் இருக்கும் வரை, மூடியைத் திறக்கலாமா என்று சர்வீஸ் சென்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாண்டு ஓடிய மெஷினில் தூசி எடுத்தும் வெப்பம் இறங்கவில்லையென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்ற வேண்டியதுதான்.

பழைய மெஷின் வாங்கும்போது

கேரோசலிலோ முடாவிலோ பார்த்து, எல்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் காசைக் கொடுத்து வாங்கி வருவதில் ஓர் ஆபத்து, அங்கே சுவிட்ச் இருக்காது. பேட்டரியில் திரை எரிவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். பிளக் வசதியுள்ள மாமாக் கடைக்கு அழையுங்கள், தே தாரிக் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். அடாப்டரின் எண்களைப் பெருக்குங்கள், டைம் ஸ்பையை முன்கூட்டியே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஓட விடுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கடையோடு பேசும்போது

‘ஸ்லோவா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் எந்தக் கடையும் அசையாது. விளம்பரத்தில் போட்ட வாட், கன்ட்ரோல் பேனல் காட்டும் வாட், சோதனையில் கிடைத்த வாட், வெப்பம், கிராஃபிக்ஸ் ஸ்கோர் ஆகிய எல்லாவற்றையும் படம் பிடித்து, தேதியோடு, ரசீதோடு சேர்த்து வையுங்கள். விளம்பரத்தில் 140 என்று எழுதி, கையில் கிடைத்த மெஷினின் கன்ட்ரோல் பேனலே 95 என்று காட்டினால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விற்கும் பொருள் தரமாகவும், சொன்ன விவரத்துக்கு ஒத்தும் இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கடை கையை விரித்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எல்ஆர்டி நிலையத்தில் ஒரு தனியாளிடம் வாங்கிய மெஷினுக்கு இந்த வழி திறக்காது. வியாபாரமாக விற்பவர் மீதுதான் அங்கே கோரிக்கை வைக்க முடியும்.